பனிக்காலம் முடியும் முன்பே புல்விதை தூவலாமா?

கேள்வி: மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு அருகே வசிக்கிறேன். சென்ற கோடையில் காய்ந்துபோன புல்தரையில் ஆங்காங்கே மண் தெரிகிறது. பிப்ரவரி கடைசியிலேயே விதை தூவிவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். புல்விதை ஒரு மூட்டையும், கிராப்கிராஸ் களையைத் தடுக்கும் மருந்து கலந்த உரம் ஒரு மூட்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். உறைந்த மண்ணில் விதை தேறுமா?

பதில்: தேறும். ஆனால், அந்த இரண்டு மூட்டைகளில் ஒன்றை மட்டுமே இந்த வசந்தத்தில் நீங்கள் பிரிக்க முடியும்.

பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை பகலில் உருகும் மண் இரவில் மீண்டும் உறைகிறது. உறையும் நீர் விரிந்து மேல்மண்ணைத் தூக்குவதாலும், உருகும்போது அது தளர்ந்து இறங்குவதாலும், மண்ணின் மேற்பரப்பில் தேன்கூடு போலச் சிறு வெடிப்புகள் உண்டாகின்றன. தூவிய விதை அவற்றுக்குள் விழுந்து தானாகவே மூடிக்கொள்கிறது. களிமண்ணில் இது நன்றாக நடக்கும், மணற்பாங்கான நிலத்தில் அவ்வளவாக நடக்காது. மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸை எட்டும் வரை, அதாவது பெரும்பாலும் ஏப்ரல் வரை, விதை முளைக்காமல் காத்திருக்கும்.

விதை மண்ணைத் தொட்டாக வேண்டும். காய்ந்த புல் மெத்தையின் மேல் தங்கும் விதை பறவைக்குத்தான் போகும் என்பதால், மண் சேறாக இல்லாத ஒரு நாளில் அந்தச் சருகை வாரிவிடுங்கள். தூவுவதற்கு விடியற்காலையே ஏற்றது. காலடியில் மண் மொறுமொறுவென்று நொறுங்கும் அந்த நேரத்தை விட்டுவிட்டு, உருகிய பிறகு நடந்தால் மிதிபட்ட இடமெல்லாம் இறுகிவிடும். பனி கனமாகக் கிடக்கும்போது தூவ வேண்டாம், குறிப்பாகச் சரிவான இடத்தில். உருகும் நீர் விதையை அடித்துச் சென்றுவிடும்.

உங்கள் விதை டால் ஃபெஸ்க்யூ என்றால் 1000 சதுர அடிக்கு சுமார் 4 பவுண்டு போதும். கென்டக்கி புளூகிராஸ் விதை மிகப் பொடியானது என்பதால் 1 முதல் 1.5 பவுண்டே தாராளம், ஆனால் அது முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பெரன்னியல் ரைகிராஸை இந்தப் பருவத்தில் நான் பரிந்துரைப்பதில்லை: சில நாள் வெயிலை நம்பி அவசரமாக முளைத்து, அடுத்த உறைபனியில் கருகும் குணம் அதற்கு உண்டு.

இனி அந்த உர மூட்டை. அதன் லேபிளில் புரோடையமின், பெண்டிமெதாலின் போன்ற பெயர் இருந்தால், அந்த மருந்து முளைவிடும் வேரையே முடக்குவது. களை விதை எது, நீங்கள் தூவிய விதை எது என்று அது பார்ப்பதில்லை. பிப்ரவரியில் விதைத்துவிட்டு ஏப்ரலில் பழக்கப்படி இந்த உரத்தைப் போட்டு, விதை கெட்டுப்போனது என்று கடைக்காரரை நோவது ஆண்டுதோறும் நடக்கிறது. மெசோட்ரையோன் கலந்த, புதிய விதைப்புக்கென்றே விற்கப்படும் உரம் மட்டும் விலக்கு. அதிலும் உங்கள் புல் வகைக்கு அனுமதி உண்டா என்று லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராப்கிராஸ் சென்ற ஆண்டு உங்கள் தரையில் பாதியை மூடியிருந்தது என்றால், நான் மருந்து மூட்டையைப் பிரித்துவிட்டு, விதையை ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உலர்ந்த இடத்தில் வைத்திருப்பேன். இந்தப் புல்வகைகளுக்கு உண்மையான விதைப்புக் காலம் அதுதான். வசந்தத்தில் முளைத்த இளம்புல் வேர் ஊன்றும் முன்பே ஜூலை வெயிலைச் சந்திக்க நேர்கிறது. களை குறைவு, வெற்றிடம்தான் அதிகம் என்றால் இப்போதே தூவுங்கள். முளைப்பு தெரிந்ததும் மேல்மண் காயாமல் லேசாக நீர் தெளித்து வாருங்கள்.