கெடி லீயின் கையில் பேஸ் மாறினால் சத்தமும் மாறுகிறதா?

கேள்வி: நான் கல்லூரி மாணவன். ஆறு மாதமாக நண்பனின் பேஸ் கிடாரை வாங்கிவைத்துப் பழகி வருகிறேன். கனடாவின் ரஷ் இசைக்குழு என்றால் எனக்கு உயிர். அவர்களுடைய கச்சேரி வீடியோக்களை வரிசையாகப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும், பேஸ் வாசித்துக்கொண்டே பாடும் கெடி லீ வேறு வேறு பேஸ் வைத்திருக்கிறார். ஒன்றில் தலையே இல்லாத கறுப்புக் குச்சி மாதிரி ஏதோ இருக்கிறது. வீட்டில் நாற்பதாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய சத்தம் எனக்கும் வர வேண்டுமென்றால் எதை வாங்குவது? பழைய வீடியோவில் அவர் வாசிக்கும் ரிக்கன்பேக்கர் பேஸ் போலவே இருக்கும் நகல் (காப்பி) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
— திருச்சி வாசகர் ஒருவர்

பதில்: அந்தக் காப்பியை வாங்காதீர்கள். காரணம் அப்புறம் சொல்கிறேன், முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள்.

நீங்கள் பார்த்த வீடியோக்களில் ‘ஆர்40 லைவ்’ இருக்கும். 2015 ஜூன் 17, 19 ஆகிய இரண்டு இரவுகளில் டொராண்டோவில், அவர்களுடைய சொந்த ஊரில் எடுத்தது. அந்தச் சுற்றுப்பயணத்தில் பாட்டுகளைப் பின்னோக்கி அடுக்கியிருந்தார்கள். புதிய ஆல்பத்தில் தொடங்கி 1974-இல் வந்த முதல் ஆல்பத்தில் போய் முடியும். மேடையும் கூடவே வயது குறைந்துகொண்டே போகும். கடைசியில் பள்ளிக்கூட ஹாலில் நாற்காலிமேல் ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) வைத்து வாசிக்கும் பையன்கள் போல நிற்பார்கள். கெடி லீ தன் சேகரிப்பிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்களை அந்தச் சுற்றுப்பயணத்துக்குக் கொண்டுவந்திருந்தார். கிட்டத்தட்ட பாட்டுக்கு ஒன்று.

உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது. ஒரே அரங்கு, ஒரே ஒலி அமைப்பு, ஒரே ஆளின் விரல்கள். மாறுவது பேஸ் மட்டும்தான். திரையைப் பார்க்காமல் ஹெட்ஃபோனில் கேளுங்கள். பேஸ் மாறியதாகத் தோன்றும் இடத்தையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். என்னிடம் பழகும் மூன்று பேரை உட்காரவைத்து இதைச் செய்து பார்த்தேன். ஒருவன் இரண்டு இடங்களைச் சரியாகச் சொன்னான். ஒரு பெண், பேஸ் மாறாத இடத்தில் “இப்ப மாத்திட்டார் சார்” என்றாள். மூன்றாமவன் பாட்டில் மூழ்கிப்போய்த் தாளை மறந்துவிட்டான்.

வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது. ஆனால் கண் சொல்கிற அளவுக்குக் காது சொல்லாது.

அப்படியானால் பழைய வீடியோக்களில் சத்தம் அவ்வளவு வேறாகக் கேட்கிறதே என்பீர்கள். அதற்குப் பல காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. வரிசையாக வருகிறேன்.

‘எக்ஸிட் ஸ்டேஜ் லெஃப்ட்’ வீடியோ 1981 மார்ச்சில் மாண்ட்ரியல் ஃபோரம் அரங்கில் எடுத்தது. அதில் அவருடைய முக்கிய ஆயுதம் கறுப்பு ரிக்கன்பேக்கர் 4001. இந்த பேஸில் நெக்கை (கழுத்தை) தனியாகச் செய்து உடம்போடு திருகு போட்டு மாட்டுவதில்லை. தலையிலிருந்து வால்வரை ஓடும் ஒரே மரத்துண்டுக்கு இரண்டு பக்கமும் சிறகு ஒட்டியது போலச் செய்கிறார்கள். இரண்டு பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச்சுருள்) சத்தத்தையும் தனித்தனியாக வெளியே எடுத்து இரண்டு ஆம்புக்கு அனுப்பும் வசதியும் அதில் உண்டு. ஒன்றில் அடிக்கனம், இன்னொன்றில் கரகரப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். ‘ஸனடு’ பாட்டு வரும்போது பாருங்கள், பேஸும் 12 கம்பிக் கிடாரும் ஒரே உடம்பில் ஒட்டிய இரட்டைக் கழுத்து ரிக்கன்பேக்கரைத் தோளில் மாட்டியிருப்பார். அழகுக்காக அல்ல. ஒரே பாட்டுக்குள் பேஸும் வேண்டும், கிடாரும் வேண்டும், இருப்பதோ மூன்றே பேர்.

இதே வீடியோவில் இன்னொன்றையும் கவனியுங்கள். அவருடைய இரண்டு கையும் கீபோர்டில் இருக்கும்போதும் அடியில் பேஸ் அதிர்ந்துகொண்டிருக்கும். அது காலால் வாசிப்பது. மூக் டாரஸ் என்ற பெடல் வரிசை தரையில் கிடக்கும், ஹார்மோனியக் கட்டைகளைப் பெரிதாக்கிக் காலடியில் போட்டது போல. ஆக, ‘ரிக்கன்பேக்கரின் கனம்’ என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதில் ஒரு பகுதி ரிக்கன்பேக்கரே அல்ல.

அந்தத் தலையில்லாக் குச்சிக்குப் பெயர் ஸ்டைன்பெர்கர். 1984 செப்டம்பரில் டொராண்டோவில் பதிவான ‘கிரேஸ் அண்டர் பிரஷர்’ கச்சேரியில் வருகிறது. மரத்துக்குப் பதில் கார்பன் இழையும் பிசினும் சேர்த்து வார்த்தது. சுருதி கூட்டும் முடுக்கிகள் வால்பக்கம் இருக்கும். மழை, வெயில் எதற்கும் நெக் அசையாது. சுற்றிலும் கீபோர்டுகளை அடுக்கிவைத்து நடுவில் நின்று பாடுகிறவருக்கு நீண்ட தலை எதிலும் போய் இடிக்காது என்பது பெரிய நிம்மதி. சத்தம் சுத்தமாக, சமமாக வரும். எனக்கு அது கொஞ்சம் உயிரில்லாததாகப் படும், அது என் ரசனை. நீங்கள் வாங்க நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அசல் ஸ்டைன்பெர்கருக்கு இரண்டு முனையிலும் குண்டு வைத்த ஸ்ட்ரிங்தான் பொருந்தும். நம் ஊர்க் கடையில் போய்க் கேட்டால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

1988-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் எடுத்த ‘எ ஷோ ஆஃப் ஹேண்ட்ஸ்’ வீடியோவில் இருப்பது ‘வால்’ (Wal) என்ற பெயருள்ள பேஸ். இங்கிலாந்தில் ஒரு சின்னப் பட்டறை கையால் செய்த பேஸ். ரஷ்ஷின் ஆல்பத் தயாரிப்பாளர் பீட்டர் காலின்ஸ் மூலமாக 1985 வாக்கில் கெடி லீயிடம் வந்து சேர்ந்தது. அந்த வருஷங்களில் ரஷ் பாட்டுகளில் சிந்தசைசர் அடைத்துக்கொண்டு நிற்கும். அடிப்பக்கமும் நிரம்பியிருக்கும், உச்சிப்பக்கமும் நிரம்பியிருக்கும். நடுவில் கிடைக்கிற சந்தில் பேஸ் பேச வேண்டும். வாலின் உள்ளே இருக்கும் ஃபில்டர் அந்த நடு ஒலியை எடுப்பாகத் தூக்கிக் காட்டும். இங்கே பேஸை மாற்றச் சொன்னது விரல் அல்ல, பாட்டில் வாத்தியங்களை அடுக்கிய விதம். நம் மிருதங்கக்காரர்கள் பாடுகிறவரின் சுருதிக்கு ஏற்ப வேறு மிருதங்கத்தைக் கையோடு எடுத்துப் போகிறார்களே, அந்த மாதிரி. சொல்லப்போனால் அதே காரணமும் ரஷ் கச்சேரிகளில் உண்டு. பிற்காலத்தில் பழைய பாட்டுகள் சிலவற்றைச் சுருதி இறக்கித்தான் வாசித்தார்கள். இருபது வயதில் எட்டிய உச்சத்தை ஐம்பது வயதுக் குரலிடம் எதிர்பார்க்க முடியாதல்லவா? அதற்கெனச் சுருதி இறக்கிய பேஸ் தயாராகக் காத்திருக்கும். எனவே, பேஸ் மாறுவதைப் பார்த்ததும் சத்தத்துக்காகத்தான் என்று முடிவுகட்ட வேண்டாம்.

அப்புறம்தான் ஃபெண்டர் ஜாஸ் பேஸ். கறுப்பு உடம்பு, வெள்ளைத் தகடு, வெளிர் மேப்பிள் நெக்கில் கறுப்புக் கட்டங்கள். 2003-இல் வெளிவந்த ‘ரஷ் இன் ரியோ’வில் இதைத்தான் அதிகமும் பார்த்திருப்பீர்கள். முந்தைய வீடியோவில் வால், இதில் ஃபெண்டர் என்று திடீரென்று தாவியது போலத் தெரியும். உண்மையில் இந்த 1972 பேஸை எழுபதுகளிலேயே அமெரிக்காவின் கலமசூ ஊரில் ஓர் அடகுக்கடையில் சுமார் 200 டாலருக்கு வாங்கிவிட்டார். ரிக்கன்பேக்கர் காலம் என்று நாம் நினைக்கும் 1981 ‘மூவிங் பிக்சர்ஸ்’ ஆல்பத்திலேயே இதன் குரல் இருக்கிறது. 1993-இல் ‘கவுண்டர்பார்ட்ஸ்’ ஆல்பத்துக்காக இதை மறுபடி கையில் எடுத்தார். அதற்குப் பின் இதுதான் பிரதானம். 1998-இல் ஃபெண்டர் நிறுவனம் அவர் பெயரிலேயே ஒரு மாடல் போட்டது.

ரியோ வீடியோவை வைத்து மட்டும் எந்த பேஸையும் எடை போடாதீர்கள். 2002 நவம்பரில் மரகானா ஸ்டேடியத்தில் எடுத்தது. சாமான்கள் தாமதமாக வந்து சேர்ந்ததால் முன்னோட்டமாக ஒலியைச் சரிபார்க்கவே நேரமில்லாமல் போன கச்சேரி. ஆனால் கூட்டத்தைப் பாருங்கள். வரிகளே இல்லாத ‘ஒய் ஒய் ஸெட்’ வாத்தியப் பாட்டுக்கு ஸ்டேடியமே குதித்துக்கொண்டு மெட்டைப் பாடும். அந்த இரைச்சலுக்கு நடுவே பிக்கப்பின் நுணுக்கத்தைத் தேடினால் கிடைக்காது. பொதுவாகவே கச்சேரி வீடியோவில் நாம் கேட்பது மேடையில் வந்த சத்தம் அல்ல, பிறகு ஸ்டுடியோவில் கலந்து எடுத்த சத்தம்.

அதே ரியோ மேடையில் கெடி லீக்குப் பின்னால் துணி உலர்த்தும் மெஷின்கள் நிற்குமே, கவனித்தீர்களா? விளையாட்டுக்கு வைத்ததுதான், ஆனால் அதற்குள் ஒரு பாடம் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் அவர் மேடையில் பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகள் வைப்பதை நிறுத்திவிட்டார். பேஸின் சத்தம் ப்ரீஆம்ப் (சத்தத்தை முதலில் பதப்படுத்தும் கருவி), ஸ்பீக்கர் சிமுலேட்டர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கருவி) வழியாக நேராக ஒலி கலக்கும் மிக்ஸருக்குப் போய்விடும். கிடார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சன் பக்கம் ஆம்ப் மலைபோல நிற்க, இவர் பக்கம் காலியாகக் கிடந்தது. அதை நிரப்ப முதலில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ், பிறகு உலர்த்தும் மெஷின்கள், 2007-இல் கோழி சுடும் அடுப்புகள். நடுநடுவே சமையல்காரர் வேஷத்தில் ஒருவர் வந்து கோழியைக் கவனித்துவிட்டுப் போவார்.

அந்தப் பெட்டிகளுக்குப் பதில் வந்த ப்ரீஆம்பில்தான் நீங்கள் தேடும் கரகரப்பில் பாதி இருக்கிறது. சுத்தமான சத்தத்தையும் லேசாக உடைந்த சத்தத்தையும் பக்கத்துப் பக்கமாகக் கலப்பது அந்த முறை. ரிக்கன்பேக்கர் நாளில் இரண்டு ஆம்ப் வைத்துச் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

மீதிப் பாதி வலது கை. வீடியோவைப் பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் வேலை செய்யும். இழுத்துவிட்டு நிற்காது, நகத்தின் முதுகால் திரும்பியும் அடிக்கும், மேலும் கீழுமாக. விரலே ப்ளெக்ட்ரம் (கம்பியை மீட்டும் சிறு தகடு). அடி பலமாக விழுவதால் ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மோதி ‘டக்’ என்று ஓர் உலோகச் சத்தம் வரும். அந்த ‘டக்’ போய்விட்டால் எந்த பேஸும் கெடி லீ போலக் கேட்காது. அது வந்துவிட்டால் சாதாரண பேஸும் பக்கத்தில் வந்து நிற்கும்.

சரி, காப்பிக்கு வருகிறேன். இருபத்திரண்டு வயதில் நானும் ஒன்று வாங்கினேன். சிவப்பு நிறம், பார்த்தால் அசல் போலவே இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் நெக் முறுக்கிக்கொண்டது. கம்பியை அவிழ்த்துப் பார்த்தால் நெக் உடம்போடு நான்கு திருகில் நிற்கிறது, பிக்கப் வேறு ரகம். அசல் 4001-இல் நெக்கை நேர்ப்படுத்த உள்ளே இரண்டு இரும்புக் கம்பிகள் ஓடும். இதில் ஒன்று, அதுவும் முழுசாகத் திருகியும் அசையவில்லை. எல்லாக் காப்பியும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் குறைந்த விலைக் காப்பியில் நீங்கள் பணம் கொடுப்பது உருவத்துக்கு. ரிக்கன்பேக்கரின் சத்தத்தைத் தருகிற சங்கதிகள்தான் அதில் முதலில் வெட்டுப்படும்.

உங்கள் தொகைக்கு ஜாஸ் பேஸ் வகையைத்தான் சொல்வேன். இரண்டு ஒற்றைச்சுருள் பிக்கப், ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம், பேட்டரி இல்லாதது. ஃபெண்டரின் மலிவுக் கிளையான ஸ்குவையரில் ஜாஸ் மாடல்களைப் பாருங்கள். கடையில் தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தச்சர் சட்டத்தைப் பார்ப்பது போல நெக்கின் விளிம்பைப் பாருங்கள். மிக லேசான வளைவு இருக்கலாம், முறுக்கு இருக்கக் கூடாது. பிறகு நான்கு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசியுங்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை. எங்காவது சுரம் செத்துப்போனால் அடுத்த பேஸை எடுக்கச் சொல்லுங்கள்.

கால் பங்குப் பணத்தைத் தனியாக எடுத்துவையுங்கள். அதில் முதல் செலவு, கை தெரிந்த ஒருவரிடம் செட்டப் (நெக்கையும் ஸ்ட்ரிங் உயரத்தையும் சரிசெய்வது). ஸ்ட்ரிங் உயரம் குறைவாக இருந்தால்தான் அந்த ‘டக்’ வரும். இரண்டாவது, 45 முதல் 105 வரையிலான தடிமன் அளவில் ஸ்டீல் ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங். கெடி லீ போடுவது ரோட்டோசவுண்ட். மீதி இருந்தால், சுத்தச் சத்தத்தையும் உடைந்த சத்தத்தையும் கலக்கும் குமிழ் உள்ள பேஸ் ப்ரீஆம்ப் பெடல் ஒன்று. டெக் 21 நிறுவனம் கெடி லீ பெயரிலேயே விற்கிறது. ஆனால் அந்தப் பெயருக்காக இப்போதே கடன் வாங்க வேண்டாம்.

பிரிட்ஜ் பக்கத்து (வால்பக்கத்து) பிக்கப்பை முழுசாகத் திறந்து, நெக் பக்கத்தைக் கொஞ்சம் குறையுங்கள். நடு ஒலி எழுந்து வரும். இரண்டும் சமமாக இல்லாதபோது லேசாக ‘ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கேட்கும். ஜாஸ் பேஸின் இயல்பு அது, பழுதல்ல. ஸ்ட்ரிங்கைத் தொட்டால் நிற்கிற பெரிய இரைச்சல் என்றால், பேஸைக் குற்றம் சொல்லும் முன் வீட்டு ப்ளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். நண்பனின் பேஸில் இருக்கும் ஸ்ட்ரிங் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் யோசித்தாலே விஷயம் புரிந்துவிடும். புது ரவுண்ட்வவுண்ட் ஒரு செட் வாங்கி அதில் மாட்டி, ஒரு வாரம் நகத்தால் அடித்துப் பழகுங்கள். கடைக்குப் போகும்போது காதுக்கு ஓர் அளவுகோல் கிடைத்திருக்கும். பேஸைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த ஸ்ட்ரிங்கைக் கழற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஆறு மாதம் வைத்திருந்திருக்கிறீர்கள்.