இரண்டு மாதம்மாள்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் என் தாயாரைத் தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அவர் பெயர் மாதம்மாள். இரண்டு கட்டில் தள்ளி இன்னொரு மாதம்மாள் இருந்தார். ஓர் இரவு, அந்த அம்மாவுக்கு எழுதியிருந்த இன்சுலினை என் தாயாருக்குப் போட வந்த செவிலியர், கணவர் பெயரைக் கேட்டதும் திடுக்கிட்டு ஊசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. புகார் கொடுத்தே தீரவேண்டும் என்கிறார் அண்ணன். நோயாளியின் பாதுகாப்பைப் பற்றி இவர்களுக்கு என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அண்ணனின் கோபம் நியாயமானது. சர்க்கரை நோய் இல்லாதவர் உடம்பில் இன்சுலின் ஏறினால் ரத்தச் சர்க்கரை இறங்கி நினைவு தப்பிவிடக்கூடும்; இரவில் அதைப் பார்ப்பவர்கள் தூங்குகிறார் என்றே நினைத்துக்கொள்வார்கள். ஆனால் உங்கள் அம்மாவைக் காப்பாற்றியதும் அந்தச் செவிலியர் கேட்ட கேள்விதான்.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் செவிலியர் மாணவிகள் தொடக்கத்திலேயே படித்துவிடுகிறார்கள். கட்டில் எண்ணை நம்பாமல், பெயரோடு இன்னோர் அடையாளத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மாதேஸ்வரனை வேண்டிப் பெயர் வைக்கும் நம் பக்கத்தில் ஒரே வார்டில் இரண்டு மூன்று மாதம்மாள்கள் இருப்பது சாதாரணம். வயதைக் கேட்டால் "அறுபதோ எழுபதோ" என்பார்கள். கணவர் பெயரைக் கேட்கும் வழக்கம் அதனால்தான் வந்திருக்கவேண்டும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஆண்டுகள் செவிலியராக இருந்த என் அக்கா, ஊசி போட்ட பிறகும் உடைத்த ஆம்பூலை, அதாவது மருந்து இருந்த சிறு கண்ணாடிக் குப்பியை, எறியமாட்டார். கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடும்வரை டிரேயிலேயே வைத்திருந்து லேபிளை மறுபடி படிப்பார். அவ்வளவு கவனமானவரே ஒருமுறை மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை; மெமோவுக்குப் பயந்து யாரிடமும் சொல்லவில்லை. ஒரே நிறத்தில் ஒரே இழுப்பறையில் கிடந்த அந்த இரண்டு அட்டைகளும் அங்கேயே கிடந்தன. மறு மாதம் இன்னொரு சிஸ்டரும் அதே தவறைச் செய்தார். ஓய்வுபெற்ற பிறகு இதை என்னிடம் சொன்னபோது அக்கா அழுதுவிட்டார்.

பாதுகாப்பு என்றால் தன் கவனம், தன் மனசாட்சி என்றே நம் செவிலியர்களில் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணம் உயர்ந்ததுதான், ஆனால் போதாது. மருத்துவத் தவறுகளால் அமெரிக்க மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்ட 1999ஆம் ஆண்டு அறிக்கை, தனிமனிதர்களின் அலட்சியத்தைவிட வேலை நடக்கும் ஏற்பாட்டிலுள்ள ஓட்டைகளே பெரும்பாலும் காரணம் என்றது. உதாரணத்துக்கு, செறிவான பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு மருந்தின் ஆம்பூல், ஊசி மருந்தைக் கலக்கும் தண்ணீர் ஆம்பூல் போலவே பார்வைக்கு இருக்கும். நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். "கவனமாக இருங்கள்" என்று எத்தனை முறை சொன்னாலும், அதைப் பொது வார்டிலேயே வைக்காமல் இருப்பதுதான் காக்கும்.

ஆகவே தண்டனை கேட்காமல், செவிலியர் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரே பெயருள்ளவர்களை அடுத்தடுத்துப் படுக்கவைக்க வேண்டாம் என்றும், அவர்களுடைய கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் குறித்து வைக்கவேண்டும் என்றும், இன்சுலின் போடுமுன் இன்னொரு செவிலியரும் சரிபார்க்கவேண்டும் என்றும் கேளுங்கள். இரவில் ஒருவரே முழு வார்டையும் பார்க்கிறார் என்றால் அதையும் எழுதுங்கள். அந்தச் செவிலியர் கணவர் பெயரைக் கேட்டார் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.