லினக்ஸ் நிறுவும் முன் வன்தட்டைப் பிரிப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 512 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட என் மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. அதை நீக்காமல் உபுண்டுவுக்கு இடம் ஒதுக்குவது எப்படி?

பதில்: முதலில் உங்கள் கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து, அந்த நகல் சரியாகத் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் பார்ட்டிஷனை, அதாவது வட்டில் அது இருக்கும் பகுதியை, சுருக்கும் வேலையை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். கிடைக்கும் இடத்தில் புதிய டிரைவ் எதையும் உருவாக்காமல் வெற்றிடமாகவே விட்டுவிட வேண்டும். விண்டோஸின் வட்டு மறையாக்க வசதியான பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பு மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கும்வரை விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை என்பதால், லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எழுதினால் கோப்புகள் சிதையலாம். ஏற்கெனவே உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனை இரண்டு இயங்குதளங்களும் பகிர்ந்துகொள்ளலாம். அதை மட்டும் எக்காரணம் கொண்டும் ஃபார்மட் செய்துவிடாதீர்கள், விண்டோஸின் துவக்கக் கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன.

கேள்வி: பயனரின் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியைத் தனிப் பார்ட்டிஷனாக வைப்பது அவசியமா?

பதில்: கட்டாயமில்லை, ஆனால் நான் வைக்கவே சொல்வேன். என்றாவது இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ நேர்ந்தாலோ வேறொரு டிஸ்ட்ரோவுக்கு (லினக்ஸ் வகைக்கு) மாற விரும்பினாலோ, இயங்குதளம் இருக்கும் ரூட் பகுதியை மட்டும் ஃபார்மட் செய்துவிட்டு, ஹோமைத் தொடாமல் அதன் பழைய இடத்திலேயே இணைத்துக்கொள்ளலாம். புதிய நிறுவலில் உங்கள் பயனர் எண் பழைய எண்ணாகவே இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். முதல் பயனருக்குப் பெரும்பாலும் 1000 என்ற எண்ணே கிடைப்பதால் இதில் சிக்கல் அரிது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒருபக்கம் இடம் நிறைய மீந்திருக்க, மறுபக்கம் ரூட் நிரம்பிவிடும். ஸ்னாப், ஃபிளாட்பேக் செயலிகளும் டாக்கர் இமேஜ்களும் (டாக்கர் கருவி இயக்கும் செயலித் தொகுப்புகள்) வழக்கமாக ரூட்டின் கீழுள்ள வார் (/var) அடைவில்தான் சேர்கின்றன. ஆகவே 25 ஜிபி என்ற குறைந்தபட்ச அளவோடு நிற்காமல், ரூட்டுக்கு 60 முதல் 80 ஜிபி வரை கொடுங்கள். இந்த எல்லைக் கவலையே வேண்டாம் என்பவர்களுக்கு பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை பொருத்தமானது. அதன் சப்வால்யூம்கள் (உட்பகுதிகள்) ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஃபெடோராவின் டெஸ்க்டாப் பதிப்புகள் 2020-இல் வெளிவந்த 33-ஆம் பதிப்பு முதல் அதையே இயல்பாகப் பயன்படுத்துகின்றன. எப்படிப் பிரித்தாலும் ஹோம் அதே வட்டில்தான் இருக்கிறது. வட்டு பழுதானால் அதுவும் போய்விடும் என்பதால், அதை பேக்கப் என்று எண்ணிவிட வேண்டாம்.

கேள்வி: ரேம் 16 ஜிபி இருக்கும்போது ஸ்வாப் (ரேம் போதாதபோது கைகொடுக்கும் வட்டு இடம்) தேவையா?

பதில்: ஹைபர்னேட் செய்வீர்கள் (ரேமில் உள்ளதை வட்டில் சேமித்துக் கணினியை அணைப்பீர்கள்) என்றால், ரேம் அளவுக்குச் சற்றே கூடுதலாக ஸ்வாப் வையுங்கள். இல்லையெனில் 4 ஜிபி ஸ்வாப் கோப்பு போதும். தனிப் பார்ட்டிஷன் வேண்டியதில்லை.

கேள்வி: 4 டிபி வன்தட்டின் பார்ட்டிஷன் அட்டவணைக்கு எம்பிஆரா, ஜிபிடியா?

பதில்: ஜிபிடி. வழக்கமான 512 பைட் செக்டார் கணக்கில் எம்பிஆர் ஏறத்தாழ 2 டிபிக்கு மேல் எட்டாது.

கேள்வி: ரூட் நிரம்பிவிட்டது. அடுத்துள்ள ஹோமிலிருந்து இடம் எடுத்துத் தரலாமா?

பதில்: இரண்டும் எக்ஸ்டி4 கோப்பு முறைமை என்றால் முடியும், ஆனால் அவசரப்பட வேண்டாம். எக்ஸ்டி4-ஐப் பயன்பாட்டில் இருக்கும்போதே பெரிதாக்கலாம். சுருக்க வேண்டுமானால், நிறுவாமலே லினக்ஸை இயக்கும் லைவ் யூஎஸ்பியிலிருந்துதான் இயலும். ஹோம் ரூட்டுக்கு அடுத்து இருப்பதால், அதைச் சுருக்கினால் மட்டும் போதாது, அதன் தொடக்கத்தையே பின்னுக்கு நகர்த்த வேண்டும். அதாவது உள்ளிருக்கும் தரவு முழுவதும் இடம் மாறும். பல மணி நேரம் பிடிக்கக்கூடிய இந்த வேலையின் நடுவே மின்சாரம் போனால் அனைத்தையும் இழக்கலாம். எனவே முதலில் பழைய கர்னல்களையும் (லினக்ஸின் மையப் பகுதியின் முந்தைய பதிப்புகள்) பயன்படாத டாக்கர் இமேஜ்களையும் நீக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சில ஜிபி கிடைத்துவிடும். அதுவும் போதாதபோது, ஹோமை வெளி வட்டில் நகலெடுத்துக்கொண்டு, மடிக்கணினியைச் சார்ஜரில் இணைத்த பிறகே பார்ட்டிஷன்களை மாற்றும் கருவியான ஜிபார்ட்டடைத் திறங்கள்.