கால்நடை கேள்வி–பதில்: அயல் பட்டிக்காரர் கேட்டது நியாயமே

கேள்வி: எங்கள் பட்டியில் மூன்று பசுக்கள் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுக, நொண்டி நடக்கின்றன. நன்றாகப் பால் குடித்த கன்றொன்று திடீரென விழுந்து இறந்தது. அயல் பட்டிக்காரர் எங்கள் மாடுகளைக் குளத்தடிக்கு விடவேண்டாம் என்கிறார். இது சரியா? பாலை விற்கலாமா?
– வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: நீங்கள் எழுதியிருப்பவை காலிலும் வாயிலும் புண் வரும் கால்வாய் நோயின் (கோமாரி) அறிகுறிகள், கால்நடை வைத்தியர் நேரில் பார்த்து உறுதிசெய்யட்டும். நாக்கிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த வைரஸ் இளங்கன்றுகளின் இதயத்தசையைத் தாக்குவதால், வாயில் ஒரு புண்ணும் தெரியாமலே அவை விழுந்து இறப்பதுண்டு.

அயலவர் கேட்டது நியாயமே. காலபோகத்துக்கு வயல்கள் விதைக்கப்பட்டதும் வன்னியின் பட்டிகள் காட்டோரங்களுக்கும் தரவைகளுக்கும் ஒதுங்கி நெருங்கி நிற்க, ஒரு மாட்டின் எச்சில் விழுந்த புல்லையே மற்றப் பட்டியும் மேய்கிறது. அறிகுறி தெரியுமுன்பே மாடு வைரசைப் பரப்பத் தொடங்கிவிடும் என்பதால், நொண்டும் மாடுகளை மட்டும் பிரிப்பது போதாது. பட்டி முழுவதையும் மறித்து, தண்ணீரையும் தீனியையும் அங்கேயே கொடுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் 40 கிராம் சலவைச் சோடா கரைத்து, செருப்பையும் வாளியையும் கழுவுங்கள். நோய் கண்டவுடன் மாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது; அந்த லொறியோடு நோயும் அடுத்த ஊருக்குப் போகிறது.

இந்த நோய் மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது. ஆயினும் பாலிலும் பால்கானிலும் வைரஸ் பயணம் செய்யும். புண்ணுக்கு நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏற்றியிருந்தால் அதன் எச்சமும் பாலில் இருக்கும். எனவே வைத்தியர் அனுமதிக்கும்வரை விற்காதீர்கள். நோய் ஆறினாலும் அந்த ஈற்றில் பால் பழைய அளவுக்குத் திரும்புவது கடினம். சில மாடுகள் மயிர் நீண்டு, சிறு வெயிலுக்கும் மூச்சிரைத்து நிற்கும்.

கேள்வி: மாட்டு வெக்கையை ஒழித்தவர்களால் கால்வாய் நோயை ஏன் ஒழிக்க முடியவில்லை?
– வாசகி ஒருவர், நெடுங்கேணி

பதில்: பல ஆண்டுகள் இலங்கையில் இல்லாதிருந்த வெக்கை என்ற மாட்டுக் கொள்ளைநோய், 1987 இல் இந்திய அமைதிப்படையின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு மீண்டும் நுழைந்ததாகக் கருதப்படுகிறது. 1994 உடன் இங்கு அடங்கிய அந்த நோய், உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011 இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு ஒரே தடுப்பூசி போதும், ஆயுளுக்கும் காக்கும். பிழைத்த மாடும் நோயைக் காவித் திரியாது. கால்வாய் நோயில் மூன்றுமே தலைகீழ். வைரசில் ஏழு வகைகள், ஒன்றுக்குப் போடும் ஊசி மற்றதைத் தடுக்காது. பாதுகாப்போ ஏறத்தாழ ஆறு மாதம். பிழைத்த மாட்டின் தொண்டையில் வைரஸ் மூன்று ஆண்டுவரைகூடத் தங்கக்கூடும். ஊசி போடும் நாளில் காட்டுக்குள் நின்றுவிடும் மாடுகளும் நமது பக்கத்தில் அதிகம். மாரி தொடங்குமுன் அவற்றையும் சாய்த்து வந்து பட்டியில் அடைத்துவிட்டு, கால்நடை வைத்திய அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள்.