பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் எல்லைக்கோட்டுப் பக்கம் முன்வரிசையில் இருந்து மட்ச் பார்க்கலாமா?

கேட்டவர் ஆறு வயது மகனோடு பிக் மட்ச், அதாவது இரண்டு பள்ளிக்கூடங்கள் வருடாவருடம் மோதுகிற கிரிக்கெட் ஆட்டம், பார்க்க வருகிறாராம். முன்வரிசைக் கதிரைக்கு ரிக்கெற் கிடைத்திருக்கிறதாம். பந்து வந்து பட்டுவிடும் என்று மனைவி பயப்படுகிறாராம். இதற்கு ஏற்கனவே மூன்று பேர் "ஒன்றும் ஆகாது, பயந்தால் வீட்டில் இருந்து டிவி பாருங்கள்" என்ற தோரணையில் பதில் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பல் எல்லாம் சொந்தப் பல் என்று நினைக்கிறேன். எனக்கு மேல்வரிசையில் இரண்டு கட்டுப்பல்.

உங்கள் கேள்வியைப் பார்த்தால் வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர் போல இருக்கிறது. அப்பா படித்த பள்ளிக்கூடத்தை, அப்பா நின்று கத்திய மைதானத்தைப் பிள்ளைக்குக் காட்டவேண்டும் என்ற ஆசை. தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் முன்வரிசைக் கதிரை என்பது சம்பளம் இல்லாத ஒரு வேலை, ஒவ்வொரு பந்துக்கும் நீங்களும் ஒரு களத்தடுப்பாளர், அதை ரிக்கெற் விற்கிறவர் ஒருநாளும் சொல்லமாட்டார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விளையாட்டுக்கு எதிரி இல்லை. 1904 இலிருந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்கிற வடக்கின் பெரும்போர் என்ற பிக் மட்சை, மத்திய கல்லூரி மைதானத்தில், சனத்துக்குள் சனமாக நின்று எத்தனையோ வருடம் பார்த்தவன். நான் சொல்லப்போகிற சம்பவம் அந்த மட்சில் நடந்ததும் இல்லை. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள், சொன்னால் பழைய மாணவர் நாலு நாட்டிலிருந்து சண்டைக்கு வருவார்கள். இன்னொன்று: "போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய்" என்று கீழே எழுதக் காத்திருக்கிறவர்களுக்கு, நான் போனைப் பார்க்கவில்லை. போன் கையில் இருந்தது. அது வேறு, இது வேறு.

அன்றைக்குப் பங்குனி வெயில், பின்னேரம் மூன்று மணி இருக்கும். ரிக்கெற் எடுத்த பழைய மாணவர்களுக்கு என்று எல்லைக்கோட்டை ஒட்டி வாடகைக் கதிரைகள் போட்டிருந்தார்கள். கயிறு கிடையாது, வெறும் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கும் என் கால்விரலுக்கும் ஒரு முழம், கூடினால் ஒன்றரை முழம். காலை நீட்டினால் நாலு ஓட்டத்தைத் தடுத்துவிடலாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் பகிடியாகச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. பிரமுகர்களுக்கு வேறு இடம். அவர்களுக்கு சோபா, மேலே தகரப் பந்தல், முன்னால் பூச்சாடி, அதற்கும் முன்னால் பந்து தெரிவதற்காக வைக்கிற அந்தப் பெரிய வெள்ளைப் பலகை. அவர்களில் யாருக்காவது பந்து படவேண்டுமென்றால் அது பலகையைத் துளைத்துக்கொண்டுதான் வரவேண்டும்.

என் சகலன் ரொறன்ரோவில் இருக்கிறார். அதே பள்ளிக்கூடம், எனக்கு ஐந்து வகுப்பு மேலே. இங்கே பின்னேரம் மூன்று மணி என்றால் அங்கே விடியப்புறம் ஐந்தரை. வேலைக்குப் போக எழும்பிய மனிசன் வீடியோவில் கூப்பிட்டு, "தம்பி, கிறவுண்டை ஒருக்காக் காட்டும்" என்றார். பின்பக்கக் கமராவைப் போட்டு, போனை வாய்க்கு நேரே ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். "இன்னும் கொஞ்சம் அங்கால, வெளிச்சம் அடிக்குது" என்றார். அங்காலே திருப்பினேன். அந்த நேரம் பார்த்து மகள், அப்போது அவளுக்கும் ஆறு வயதுதான், கச்சான் சரை அவிழவில்லை என்று நீட்டினாள். ஒரு கையில் போன், மறு கையில் சரை, முகம் மகள் பக்கம்.

மட்டையில் பட்ட சத்தம் கேட்டது. ஆனால் காலையிலிருந்து இருநூறு தடவை கேட்ட சத்தம் அது, காது அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு கதிரைகள் இழுபடுகிற சத்தம். எங்கள் வரிசையில் என்னைத் தவிர எல்லோரும் எழும்பிவிட்டார்கள். என்னவென்று திரும்பினேன். பந்து கோட்டுக்கு முன்னால் ஒரு குத்துக் குத்தி எழும்பி, போனின் முதுகில் அடித்து, போன் என் வாயில் அடித்தது.

வலி உடனே வரவில்லை. வாய்க்குள் கச்சான் மாதிரி ஏதோ கடிபட்டது. நான் இன்னும் கச்சானை வாயில் போடவே இல்லை என்பது கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது.

பந்து என் கதிரைக்கு அடியில் கிடந்தது. எல்லையில் நின்ற பெடியன் ஓடிவந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, பந்தைக் கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே நின்றான். பதினாறு வயது இருக்கும், பாவம். மகள் இறங்கிக் குனிந்து இரண்டு கையாலும் பந்தை எடுத்து அவனிடம் கொடுத்தாள். "தாங்ஸ் தங்கச்சி" என்றான். நடுவர் நாலு ஓட்டம் என்று கையை ஆட்டினார். பாண்ட் வாத்தியம் நிற்கவே இல்லை.

உதட்டில் நாலு தையல். ஒரு பல் அங்கேயே பாதியாக முறிந்தது, பக்கத்துப் பல் ஆடி ஆடி இரண்டு மாதம் கழித்துப் போனது. இடையில் போன் இல்லாவிட்டால் சேதம் இன்னும் கூடியிருக்கும் என்று பல் வைத்தியர் சொன்னார். போன் கட்சிக்காரர் இதையும் குறித்துக்கொள்ளவும்.

ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர் சோடாப் பெட்டிக்குள் இருந்த ஐஸ் கட்டியைத் துவாயில் சுற்றித் தந்தார், அதற்கு நன்றி. தந்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, முன்னுக்கு இருந்தா கொஞ்சம் கவனமா இருக்கவேணும் தானே." கதிரையை முன்னுக்குப் போட்டது யார் என்று கேட்க வாய் ஒத்துழைக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் அந்தப் பந்தை முழுதாகப் பார்த்த ஒரே ஆள் என் சகலன்தான். சின்னச் சிவப்புப் புள்ளியாக வந்து, பெருத்துப் பெருத்துத் திரை நிறைந்ததாம். கத்தினாராம். இங்கத்தைய சிக்னலுக்கு அந்தக் கத்தல் வந்து சேர்ந்தபோது நான் இரத்தம் துப்பிக்கொண்டிருந்தேன். கீழே கண்ணாடி வெடித்துக் கிடந்த போனிலிருந்து கேட்டது: "தம்பி, பந்து! பந்து!"

பல்லுக்குக் காசு அனுப்பியவரும் அவர்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் கலியாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று நாலு சொந்தம் கூடுகிற இடத்தில் எல்லாம் இந்தக் கதை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். "நான் கத்தினனான், இவர் கேக்கேல்லை. பிறகு பல்லுக்கும் நான்தான் குடுத்தது." யாருக்குக் காட்டுவதற்காக நான் போனைப் பிடித்தேன் என்ற பகுதி மட்டும் ரொறன்ரோப் பதிப்பில் இருக்காது.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களே, உங்களுக்காக இங்கே ஒருவன் எப்போதும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். நல்லூர்த் தேரன்று இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டு எனக்கு எத்தனையோ வருடம் ஆகிறது. மேல்சட்டை இல்லாமல், வேட்டியோடு, அந்தச் சனத்துக்குள் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு "தெரியுதா அண்ணை, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டு நிற்பேன். அரோகரா சொல்லக்கூட முடியாது, சொன்னால் போன் ஆடுகிறதாம். செத்தவீட்டிலும் நான்தான். சரி, விடுங்கள்.

சகலன் ஒருமுறை ஐஸ் ஹொக்கி பார்க்கப் போய், கோலுக்குப் பின்னால் கட்டியிருந்த வலையைப் படம் எடுத்து அனுப்பி, "இங்க எல்லாம் இப்பிடித்தான் பாதுகாப்பு" என்று எழுதினார். எனக்கு ஏறிவிட்டது. தேடிப் பார்த்தேன். அந்த வலை ஒன்றும் ஆதியிலிருந்து தொங்கவில்லை. 2002 பங்குனியில், அமெரிக்காவில் கொலம்பஸ் நகரத்தில், ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த 13 வயதுப் பிள்ளையின் தலையில் ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கிற ரப்பர் வில்லை பட்டு, இரண்டு நாளில் பிள்ளை இறந்துபோனது. அதற்குப் பிறகுதான் அடுத்த பருவத்திலிருந்து வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்கின் அரங்குகள் எல்லாவற்றிலும் கோல் பக்கங்களில் வலை கட்டாயமானது. அந்த வில்லையின் நிறை 156 இலிருந்து 170 கிராம். கிரிக்கெட் பந்து 156 இலிருந்து 163. கிட்டத்தட்ட ஒரே நிறை. படத்துக்குப் பதிலாக இதை அனுப்பினேன், பதில் இல்லை.

பேஸ்போலில், வலைக்கு வெளியே இருந்து அடிபட்டவர் வழக்குப் போட்டால், பந்து வரும் என்று தெரிந்துதானே வந்தாய் என்ற மாதிரித்தான் அமெரிக்க நீதிமன்றங்கள் நூறு வருடமாகப் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்லி வந்திருக்கின்றன. 2018 இல்தான் பெரிய லீக்கின் 30 அணிகளின் மைதானத்திலும் வலையை வீரர்களின் கொட்டகை தாண்டும்வரை நீட்டினார்கள். ஆக, ஐஸ் கட்டி தந்த அந்த அண்ணை தன்னை அறியாமல் அமெரிக்க நீதிபதி மாதிரிப் பேசியிருக்கிறார்.

கிரிக்கெட்டில் ஒரு விதி இருக்கிறதே என்று யாரேனும் சொல்லலாம். இருக்கிறது. சர்வதேச மட்சுகளில் எல்லைக் கயிற்றுக்கும் அதற்கு வெளியே இருக்கிற வேலிக்கோ விளம்பரப் பலகைக்கோ இடையில் குறைந்தது 3 யார், அதாவது 2.74 மீற்றர் விடவேண்டும். ஆனால் அது பந்துக்குப் பின்னால் சறுக்கி வருகிற வீரன் போய் மோதாமல் இருக்கத்தான். கதிரையில் இருக்கிறவனைப் பற்றி அந்த மூன்று யாருக்கும் ஒரு கவலையும் இல்லை. எங்கள் மைதானத்தில் அந்த மூன்று யாருக்குள் இரண்டு வரிசை கதிரை போட்டுக் காசும் வாங்கிவிட்டார்கள்.

கவனமாக இருந்தால் போதும் என்பது கிரிக்கெட்டுக்கு ஓரளவு சரிதான், அதை ஒத்துக்கொள்கிறேன். மட்டை அறுபது மீற்றருக்கு அப்பால். பந்தை அங்கிருந்தே பார்த்தால் இரண்டு மூன்று செக்கன் கிடைக்கும், கதிரையை விட்டு நகர அது தாராளம். மற்றவன் கத்திய பிறகு திரும்பினால் ஒரு செக்கனும் இல்லை. ஆனால் எல்லா விளையாட்டுக்கும் இந்த நியாயம் ஓடாது. 2024 சித்திரையில் தியத்தலாவையில் கார்ப் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்த்துக்கொண்டு நின்ற சனத்துக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள், அதில் சின்னப் பிள்ளையும் ஒன்று. அங்கே நின்றவர்கள் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பார்கள். பார்த்தால் மட்டும் காருக்கு விலகிவிட முடியுமா?

என் மாமா இதை வேறு விதமாகத் தெரிந்து வைத்திருந்தார். வட்டுக்கோட்டைப் பக்கம் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டி பார்க்க என்னைச் சின்ன வயதில் கூட்டிக்கொண்டு போவார். சனம் இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி, வண்டி வரும்போது எட்டிப் பார்க்கிறோம் என்று திடலுக்குள்ளேயே காலை வைக்கும். மாமா என்னைத் திடல் ஓரத்தில் ஒரு பனைக்குப் பின்னால் நிற்பாட்டி, தலையை மட்டும் வெளியே நீட்டச் சொல்வார். "மாடு வெருண்டால் அதுக்கு நீயும் தெரியாது, கோடும் தெரியாது, பனை தெரியும்." முன்னால் நிற்கிற பெடியங்கள் சிரிப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். அன்றைக்கு எங்கள் எல்லைக்கோட்டில் ஒரு பனை இருந்திருந்தால் ஒரு பல்லாவது மிஞ்சியிருக்கும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரிக்கெற் எடுத்துவிட்டீர்கள், வீணாக்க வேண்டாம். கதிரையைத் தூக்கிப் பின்வரிசைக்குக் கொண்டுபோங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள், முன்வரிசைக்கு ஆசைப்படுகிறவன் எப்போதும் ஒருவன் இருப்பான். வெள்ளைப் பலகைப் பக்கம் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுப்பது, ஒண்ணுக்குக் கூட்டிப்போவது எல்லாம் ஓவர் முடிந்த பிறகு. ஆறு பந்து பொறுக்க முடியாத பசி எந்தப் பிள்ளைக்கும் இல்லை, என் மகளுக்கும் இருக்கவில்லை, நான்தான் அவசரப்பட்டேன். முக்கியமாக, ஆட்டம் தொடங்க முன்னமும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் எல்லை ஓரத்தில் பயிற்சிக்கு அடிப்பார்கள், அப்போது ஒன்றல்ல, நாலைந்து பந்து ஒரே நேரத்தில் பறக்கும், ஆட்டம் இல்லைதானே என்று சனம் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு ரோல்ஸ் சாப்பிடும். மட்சை விட எனக்கு அந்த நேரம்தான் பயம்.

போன வருடமும் போனோம். மகளுக்கு இப்போது ஒன்பது வயது, மூன்றாவது வரிசையில் இருந்தோம். மூன்று மணிக்குச் சரியாகப் போன் அடித்தது. நான் பொக்கற்றில் கை வைக்க முதல் அவள் எடுத்து, "பெரியப்பா, பந்து போடினம், ஓவர் முடிய எடுங்கோ" என்று சொல்லிக் கட் பண்ணி, போனைத் தன் பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்து மூடிவிட்டாள். ஓவர் முடிந்தது. அவர் எடுக்கவில்லை, வேலைக்குப் போயிருப்பார்.