மால்டினியின் வலது கால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலியின் கால்பந்து டிஃபெண்டர் பாவ்லோ மால்டினியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்: அவர் சறுக்கிப் பந்தைப் பறிக்கிற டேக்கிளே போடமாட்டார், நின்ற இடத்திலேயே பந்தை எடுத்துவிடுவார் என்று. அப்படி நின்றுகொண்டே ஒருவர் 40 வயது வரை இத்தாலிய லீகில் ஆட முடியுமா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. என் மகனுக்கு 15 வயது. வலது கால்காரன். கோச் அவனை லெஃப்ட் பேக்கில், அதாவது இடது ஓர டிஃபெண்டராக, போட்டுவிட்டார். தண்டனை கிடைத்ததுபோல் சுருண்டு கிடக்கிறான். மால்டினியும் வலது கால்காரர்தான் என்று சொன்னேன், நம்பவில்லை. டிஃபெண்டராகவே ஆடப்போகிற பையன் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

கே.

அன்புள்ள கே.,

மகனிடம் நீங்கள் சொன்னது சரிதான். மால்டினி வலது கால்காரர். 1985 ஜனவரி 20 அன்று உடினேசேவுக்கு எதிரான ஆட்டத்தில், பட்டிஸ்டினிக்குப் பதிலாக இத்தாலிய கிளப் ஏ.சி. மிலான் அவரை முதன்முதலாக இறக்கியபோது வயது 16. அணியின் வலது பக்கம் மௌரோ டஸோட்டிக்கு என்று ஆகிவிட்டதால் இவர் இடது பக்கம் போனார். அங்கேதான் உலகின் தலைசிறந்த லெஃப்ட் பேக் ஆனார். உங்கள் கோச் பையனைத் தண்டித்துவிடவில்லை. ஏன் என்று மைதானத்தில் நிறுத்தியே காட்டலாம்.

லெஃப்ட் பேக் எதிரணியின் கோலைப் பார்த்து நிற்கும்போது பக்கக்கோடு அவனுக்கு இடது கைப்புறம். பக்கக்கோட்டோரம் தாக்க வருகிற எதிரணி விங்கர் உள்ளே வெட்டி வந்தால் வருவது இவனுடைய வலது பக்கம், அதாவது வலுவான கால் இருக்கிற பக்கம். விங்கர் வெளியே ஓடினால் இவன் திரும்பித் தன் கோலை நோக்கி ஓட வேண்டும். திரும்பியதும் பக்கக்கோடு வலது கைப்புறம் வந்துவிடும். விங்கருக்கு அருகில் இருப்பது அப்போதும் வலது கால்தான். பந்து எதிராளியிடம் இருக்கிறவரை வலது கால்காரனுக்கு இடது பக்கம் நல்ல இடம். தொல்லை தொடங்குவது பந்து நம்மிடம் வந்த பிறகு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டேக்கிள் பற்றிய பேச்சு பாதிதான் உண்மை. பக்கவாட்டில் ஒட்டி ஓடிவந்து, பந்து விங்கரின் காலைவிட்டு ஒரு எட்டுக்கு மேல் விலகும் நொடியில் சறுக்கி எடுப்பதில் மால்டினி கைதேர்ந்தவர். ஆனால் அந்தச் சறுக்கலுக்குத் தேவையே வராதபடி முதல் இரண்டு விநாடிகளில் வேலையை முடித்துவிடுவார். மகனுக்கு அந்த இரண்டு விநாடிகளைக் கற்றுக்கொடுங்கள்.

விங்கருக்குப் பந்து பாஸ் ஆகி வந்துகொண்டிருக்கும்போதே, அவன் அதைத் தொடுவதற்கு முன்பே, பாதி தூரத்தை ஓடிக் கடந்துவிட வேண்டும். அவன் தொடும்போது வேகத்தைக் குறைத்து, குட்டி எட்டுகளாக வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நிற்க வேண்டும். அதைவிட நெருங்கினால் ஒரே தட்டில் தாண்டிவிடுவான். மூன்று மீட்டர் விட்டால் தலையை நிமிர்த்திப் பார்த்து, கோல் முன்னே நிற்கிறவர்களுக்கு கிராஸ் போடுவான். முழங்கால் மடங்கியிருக்கட்டும், எடை முன்பாதத்தில் இருக்கட்டும், கண் பந்தின்மேல் இருக்கட்டும். விங்கரின் கால் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றும், பந்து ஏமாற்றாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் உடம்பின் கோணம். விங்கரை வெளியே தள்ள வேண்டுமென்றால் லெஃப்ட் பேக் சற்று உள்பக்கமாக நின்று, வலது கால் முன்னும் இடது கால் பின்னுமாக, மார்பு பக்கக்கோட்டைப் பார்த்தபடி சாய்ந்து நிற்க வேண்டும். அவன் ஓடத் தொடங்கினால் இவன் கால்வாசி வட்டம்தான் திரும்ப வேண்டியிருக்கும். நேராக மார்பைக் காட்டி நிற்கிறவன் அரை வட்டம் திரும்பவேண்டும், அதற்குள் விங்கர் இரண்டு மீட்டர் முன்னே போயிருப்பான். பையன்கள் தோற்கும் இடங்களில் பெரும்பாலானவை இதுதான். பார்க்கிறவர்கள் பையனுக்கு வேகம் போதாது என்பார்கள். வேகத்தில் குறை இருக்காது, நின்ற விதத்தில்தான் இருக்கும்.

வெளியே தள்ளுவதா, உள்ளே தள்ளுவதா? வலது கால் விங்கர் என்றால் வெளியே விடுவது அவனுடைய நல்ல காலுக்கே கிராஸைக் கொடுப்பதாகும். இடது கால் விங்கர் வலது பக்கம் ஆடினால் உள்ளே விடுவது கோலை நோக்கிய ஷாட்டைக் கொடுப்பதாகும். ஆனால் உள்ளே நம் மிட்ஃபீல்டர் ஒருவர் வந்து நிற்கிறார் என்றால் உள்ளே அனுப்புவதே நல்லது. துணை எங்கே இருக்கிறதோ அங்கே அனுப்பு என்று பையனிடம் சொல்லுங்கள்.

இந்தத் துணையைத்தான் அர்ரிகோ சாக்கி 1987இல் மிலானுக்குக் கோச்சாக வந்து பாடமாக்கினார். அதற்கு முன் இத்தாலியில் பெரும்பாலும் டிஃபெண்டர் தனக்கென்று ஒதுக்கிய ஆளைப் பின்தொடர்ந்தார். சாக்கியின் டிஃபெண்டர் பந்தையும் தன் கூட்டாளியையும் பார்த்து நகர்ந்தார். டஸோட்டி, கோஸ்டாகுர்டா, பரேசி, மால்டினி நால்வரும் ஒரே கோட்டில். முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை மொத்த அணியும் ஏறத்தாழ 25 மீட்டருக்குள். ஒரு கோல்கீப்பரையும் இந்த நால்வரையும் நிறுத்தி, எதிரே பத்துப் பேரை விட்டு, கால் மணி நேரத்தில் ஒரு கோல் அடியுங்கள் என்று சவால் விடுவாராம். பத்துப் பேரில் மிலானுக்குக் கோல் அடிப்பவர்களான குல்லிட்டும் வான் பாஸ்டனும் இருந்தும் கோல் விழவில்லை என்று சாக்கி சொல்லியிருக்கிறார்.

அந்தக் கோடு எப்போது முன்னேற வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்பதற்கு ஒரே அடையாளம்தான். பந்து வைத்திருப்பவன் நெருக்கடியில் தலை கவிழ்ந்து இருக்கிறானா? முன்னேறு. நெருக்க ஆளில்லாமல் தலை நிமிர்ந்து பார்க்கிறானா? பின்வாங்கு. நால்வரும் இதை ஒரே நொடியில் படித்தால், கோட்டைத் தாண்டி பாஸுக்காக நிற்கிற எதிராளி தானாக ஆஃப்சைடில், அதாவது விதிப்படி பந்து வாங்கக் கூடாத இடத்தில், விழுவான். ஒருவன் இரண்டு மீட்டர் பின்தங்கி நின்றாலும் மொத்தமும் போயிற்று, கோல் அடிப்பவனை அவன் ஒருவனே ஆன்சைடில் வைத்திருப்பான். அந்த ஒருவன் பெரும்பாலும் பந்துக்கு எதிர்ப்பக்க ஃபுல்பேக்காக, அதாவது ஓர டிஃபெண்டராகத்தான் இருப்பான். பந்து வலது பக்கம் இருக்கும்போது உங்கள் மகன் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறானா என்று கவனியுங்கள். அவன் ஒவ்வொரு சில விநாடிக்கும் பக்கத்தில் நடுவே ஆடும் சென்டர் பேக்கைப் பார்த்துத் தன் கோட்டைச் சரிசெய்ய வேண்டும்.

1993-94 சீசனில் கோச் காபெல்லோவின் மிலான் 34 லீக் ஆட்டங்களில் வாங்கியது 15 கோல்தான். அடித்ததும் வெறும் 36. அதிலேயே சாம்பியன். அந்த வருடம் மே 18 அன்று ஏதென்ஸில் பார்சிலோனாவுடன் ஐரோப்பிய கிளப்புகளுக்கான கோப்பையின் இறுதி ஆட்டம். தடை காரணமாக பரேசியும் கோஸ்டாகுர்டாவும் ஆட முடியவில்லை. மால்டினி நடுவுக்கு வந்தார், பக்கத்தில் பிலிப்போ கல்லி. எதிரே பார்சிலோனாவின் பிரேசில்கார ஃபார்வர்டு ரொமாரியோ. மிலான் 4-0. இரண்டு மாதம் கழித்து ஜூலை 17, பாசடீனாவில் இத்தாலிக்கும் பிரேசிலுக்கும் உலகக் கோப்பை இறுதி. முழங்கால் மெனிஸ்கஸ் அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு வாரம்கூட ஆகாத பரேசியும் மால்டினியும் நடுவில். எதிரே மறுபடியும் ரொமாரியோ, கூட பெபெட்டோ. 120 நிமிடம் கோலே இல்லை. பெனால்டியில் பிரேசில் வென்றது. இரண்டு ஆட்டமும் சேர்த்து 210 நிமிடம், அந்த வருடம் உலகத்திலேயே பயங்கரமான ஃபார்வர்டுக்கு ஆட்டத்துக்குள் ஒரு கோல் கிடைக்கவில்லை. மால்டினியின் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு பொழுதை எடுக்கச் சொன்னால் கோப்பைகளை விட்டுவிட்டு இந்த 210 நிமிடத்தையே எடுப்பேன்.

நாற்பது வயது வரை ஆடியதற்கு விடையும் இங்கே இருக்கிறது. ஃபுல்பேக் ஓர் ஆட்டத்தில் பலமுறை மைதானத்தின் நீளம் முழுக்க ஓடித் திரும்புகிறார். முப்பது தாண்டினால் முதலில் குறைவது அந்த ஓட்டத்துக்குப் பிறகு மூச்சும் காலும் தெளியும் வேகம். சென்டர் பேக்கின் ஓட்டம் பெரும்பாலும் குறுகியது, பத்துப் பதினைந்து மீட்டர். அங்கே கோணமும் முன்கூட்டிய கணிப்பும் காலைக் காப்பாற்றும். மால்டினி வயதாக ஆகப் பெரிதும் நடுவுக்கு நகர்ந்தார், தேவைப்பட்டபோது இடது பக்கமும் ஆடினார். 2003இல் மான்செஸ்டரில் யுவென்டஸுக்கு எதிரான ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டாவுடன் நடுவில். அவருடைய தந்தை சேசரே மால்டினி கேப்டனாக லண்டனில் அதே கோப்பையை வாங்கி அப்போது சரியாக 40 வருடம். 2007இல் ஏதென்ஸில் மீண்டும் நடுவில், 38 வயதில், கேப்டனாக. மிலான் 2002இல் தொடங்கிய உடல்நல ஆய்வுக்கூடமும் உதவியது என்பது என் எண்ணம், ஆனால் இடம் மாறியதே முதல் காரணம். 2009இல் ஓய்வு பெறும்போது மிலானுக்கு 902 ஆட்டங்கள், அதில் இத்தாலிய லீகில் 647.

தோல்விகளையும் மகன் தெரிந்துகொள்ளட்டும். 2002 உலகக் கோப்பையில் டேஜியோனில் கொரியாவின் ஆன் ஜங்-ஹ்வான் மால்டினியை மீறி எழும்பித் தலையால் அடித்த கோல்டன் கோல்தான் (கூடுதல் நேரத்தில் விழுந்ததும் ஆட்டத்தையே முடித்துவிடும் கோல்) இத்தாலியை வெளியேற்றியது. இத்தாலிக்கு அவர் ஆடிய 126ஆவது ஆட்டம், அதுவே கடைசி. 2005இல் இஸ்தான்புல்லில் ஐரோப்பிய இறுதி ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே அவர் கோல் போட்டும், இடைவேளையில் 3-0 என்று முன்னே இருந்தும், மிலான் லிவர்பூலிடம் பெனால்டியில் தோற்றது. டிஃபெண்டர் எத்தனை தடுத்தாலும் தடுக்காத ஒன்றைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவார்கள். இந்த இடத்தில் ஆட வருகிறவன் அதற்கும் தயாராக வேண்டும்.

இனி பந்து நம்மிடம் இருக்கும்போது. 1992இல் பேக்பாஸ் விதி வந்து, தன் அணிக்காரர் காலால் கொடுத்த பந்தை கோல்கீப்பர் கையால் எடுக்க முடியாமல் போனது. அன்றிலிருந்து நெருக்கடியில் டிஃபெண்டரின் முதல் தொடுகைதான் அவரைக் காப்பாற்றுகிறது. வலது கால்காரன் இடது பக்கம் ஆடினால் ஒவ்வொரு பந்தையும் வலது காலுக்கு இழுப்பான். வலது கால் இருப்பது உள்பக்கம், நெருக்க வருகிறவனும் உள்பக்கத்திலிருந்தே வருவான். பந்து நேரே அவன் வாயில் போய் விழும். மாற்று வழி, பந்தை இடது காலால், கோட்டுப் பக்கமாக வாங்குவது.

சுவரிலிருந்து எட்டு, பத்து மீட்டர் தள்ளி நின்று வலது காலால் அடித்து, திரும்பி வருவதை இடது காலின் உட்பாதத்தால் நிறுத்தாமல் ஒரு எட்டு முன்னே தள்ளிவிட்டு, இடது காலாலேயே திருப்பி அடிக்கச் சொல்லுங்கள். தினமும் ஐம்பது. பந்து காலுக்கடியில் சிக்கினால் தாங்குகிற வலது கால் பந்துக்கு மிக அருகில் இருக்கிறது என்று பொருள், ஓர் அடி விலகி நிற்கட்டும்.  ஓடிக்கொண்டே இடது காலால் போடும் கிராஸ் முதல் சீசனில் வராது. அதுவரை கோட்டோரம் நின்று உள்ளே திரும்பி வலது காலால் போடட்டும், கோச்சிடமும் இதை முன்பே சொல்லி வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்