கேளுங்க சொல்றோம்: ஷோகேஸ்ல இருக்குற பவளக்கல்லு

கே: லீவுக்கு ராமேஸ்வரம் போயிட்டு வர்றப்போ மண்டபம் கரையில ஒதுங்கிக் கிடந்த வெள்ளை பவளக்கல்லு ஒண்ண எடுத்துட்டு வந்து ஷோகேஸ்ல வெச்சிருக்கேன். கேஸ் ஆயிடும்னு தம்பி பயமுறுத்துறான். செத்த கல்லுதானே சார்? – மதுரை வாசகி

ப: தம்பி சொல்றது சரிதாம்மா. கல்பவளம் எல்லாம் 2001-லயே வனஉயிரின பாதுகாப்பு சட்டத்துல முதல் அட்டவணைக்கு போயாச்சு, புலி இருக்குற அதே அட்டவணை, செத்து ஒதுங்கினதா இருந்தாலும் வீட்டுக்கு கொண்டு வரக்கூடாது. சட்டம் கெடக்கட்டும், அந்த கல்ல வெளிச்சத்துல உத்துப் பாருங்க, நட்சத்திரம் குத்தின மாதிரி பொடிப்பொடியா குழி இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு உயிர் குடியிருந்த வீடு. உருண்டை வகைன்னா வருஷத்துக்கு சில மில்லிமீட்டர்தான் வளரும், உங்களவிட அதுக்கு வயசு ஜாஸ்தியா இருக்கலாம் (கோச்சுக்காதீங்க!).

செத்ததுக்கும் வேலை இருக்கு. ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு, 1986-ல தேசிய பூங்கா ஆக்கினாங்க, அந்த தீவு மண்ணே நொறுங்கின பவளமும் சிப்பியும்தான், அலைய முன்னாடி நின்னு வாங்கிக்கறதும் பவளப்பாறைதான். அத ஒரு காலத்துல சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் படகு படகா வெட்டி அள்ளினாங்க, தனுஷ்கோடில இடிஞ்சு நிக்கிற சர்ச் சுவர்ல இன்னிக்கும் அந்த கல்ல பாக்கலாம். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ரெண்டு தீவும் தண்ணிக்குள்ள போனதுக்கு இதுவும் ஒரு காரணம். தூத்துக்குடி பக்கம் வான் தீவு தேய்ஞ்சுகிட்டே போய், கடைசில கான்கிரீட்ல செயற்கை பாறை செஞ்சு கடல்ல இறக்கினாங்க, சும்மா கெடைச்சத தொலைச்சுட்டு காசு குடுத்து வாங்கின கதை. பக்கத்துல இருக்குற வனத்துறை ஆபீஸ்ல விஷயத்த சொல்லி ஒப்படைச்சிடுங்க, யாருக்கும் கிஃப்ட்டா மட்டும் குடுத்துடாதீங்க.

கே: கடல்பசுவ நேர்ல பாக்க முடியுமா? – காரைக்குடி வாசகர்

ப: ரொம்ப கஷ்டம். நம்ம மீனவங்க ஆவுளியான்னு சொல்வாங்க, கூச்ச சுபாவம், கடல்தாழைங்கற கடல்புல்ல வேரோட பிடுங்கி மேயும், அது போன வழி மட்டும் புல்லுக்கு நடுவுல வெறும் மண்ணா ஒத்தையடிப் பாதை மாதிரி தெரியும். மூச்சு விட மேல வந்தே ஆகணும், அதனால வலையில சிக்கினா மூழ்கியே செத்துடும், குட்டியும் சில வருஷத்துக்கு ஒண்ணுதான். 2022-ல பாக் விரிகுடால தஞ்சாவூர், புதுக்கோட்டை கரைய ஒட்டி 448 சதுர கிலோமீட்டர அதுக்குன்னே பாதுகாப்பகமா அறிவிச்சாங்க. சிக்கினத விட்டுட்டு வந்த மீனவங்களுக்கு வனத்துறை பரிசுப்பணமும் குடுத்திருக்கு, வலை கிழிஞ்ச நஷ்டம் அவங்களுக்குத்தானே.